ப்ரோஷே என்ற சொல்லும் ஐந்தாவது தட்டும்

இந்த முதியோர் இல்லத்தில் காலையில் எனக்கு மாத்திரை தர வரும் போலந்துப் பெண்ணின் வாயில் எப்போதும் ஒரே சொல்தான்: ப்ரோஷே. மாத்திரையை நீட்டும்போது ஒன்று, தண்ணீரைத் தரும்போது ஒன்று, நான் நன்றி சொன்னால் அதற்கும் ஒன்று. எட்டு மாத்திரைகளும் இருக்கின்றனவா என்று நான் இரண்டாம் தடவை எண்ணும்போது வருகிற ப்ரோஷேயில் மட்டும் சலிப்புத் தெரியும். தெரியட்டும். ஏழு வந்த நாளும் உண்டு.

நூலகத்து அகராதியில் பார்த்தேன். 'கேட்கிறேன், வேண்டுகிறேன்' என்பதுதான் அடிப்படைப் பொருளாம். உள்ளே வாருங்கள், எடுத்துக்கொள்ளுங்கள், என்ன சொன்னீர்கள், பரவாயில்லை என்பவையெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. வேரைத் தேடிப் போனால், கேள்வி என்று பொருள்படும் வடமொழி 'பிரச்ன'மும் அதே குடும்பம். ஆக, நாம் தொல்லைக்குச் சொல்லும் பிரச்சினை இதற்குத் தூரத்து உறவு. இது தெரிந்திருந்தால் அப்பா அன்றைக்கு இன்னும் பயந்திருப்பார்.

அப்போது எனக்கு ஆறு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலேயர் நாட்டுக்கு வந்திறங்கிய எங்கள் மூவருக்கும் ஆர்ச்வேயில் ஒரு வீட்டின் மேல் அறை கிடைத்திருந்தது. எங்கள் நிறத்தவருக்கு அறை இல்லை என்று ஜன்னலில் எழுதி வைத்த காலம். பதினொரு கதவுகளைத் தட்டிய பிறகு அப்பாவுக்குத் திறந்த பன்னிரண்டாவது கதவு இது. வீட்டுக்காரி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு போலந்திலிருந்து வந்து தனியாக வாழ்ந்தவர். புதுவருடம் வரை இருங்கள், பிறகு பார்க்கலாம் என்றிருந்தார். அவருக்கு ஆங்கிலம் குறைவு. குறைந்த இடத்திலெல்லாம் ப்ரோஷேயைப் போட்டு நிரப்புவார்.

நத்தார் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை எங்களைக் கீழே சாப்பிட அழைத்தார். படியிறங்கும்போதே அப்பா என் தோளைப் பிடித்தார்.

"ஒண்டையும் தொடாதை. மனிசி கோவிச்சுதெண்டால் நாங்கள் பெட்டியோடை ரோட்டிலைதான்."

"இந்தக் குளிருக்கையோ?" என்றார் அம்மா.

"அதுதானே சொல்லுறன்."

நான் மேசையை எண்ணினேன். ஆட்கள் நாலு, தட்டுகள் ஐந்து. ஐந்தாவது தட்டின் முன்னால் வெறும் நாற்காலி. எதிர்ச்சுவரில் சீருடை அணிந்த ஓர் இளைஞனின் படமும் கீழே ஒரு மெழுகுவர்த்தியும் இருந்தன. செத்துப்போன கணவராக்கும் என்று மூவருமே நினைத்துக்கொண்டோம்.

வீட்டுக்காரி சூப் எடுக்க அடுக்களைக்குப் போனார். அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இஞ்சாருங்கோ, அந்த மனுசனுக்குப் படைக்காமல் நாங்கள் எப்பிடி வாயிலை வைக்கிறது?"

"இது அவையின்ரை வீடு. நீர் பேசாமல் இரும்."

"தனிச்ச மனிசியெல்லே. தட்டை வைச்சுப்போட்டு மறந்துபோனா."

எங்கள் வீடுகளில் செத்தவருக்குப் படைத்த பிறகுதான் மற்றவர்கள் கை நனைப்பார்கள். அம்மா எழுந்தார். உருளைக்கிழங்கு அடைத்து, பார்வைக்கு எங்கள் கொழுக்கட்டை போலவே இருந்த பண்டத்தில் ஐந்தை எடுத்து அந்தத் தட்டில் வைத்தார். கையில் தண்ணீர் ஊற்றி அதைத் தட்டைச் சுற்றி மூன்று முறை விட்டார். படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். திரும்பினால், வாசலில் சூப் பானையோடு வீட்டுக்காரி.

யாருக்கு என்று கேட்டார். அம்மா படத்தைக் காட்டினார். இறந்தவருக்கு முதலில் வைப்பது எங்கள் முறை என்று அப்பா ஆங்கிலத்தில் விளக்கினார். கொஞ்சம் பெருமையாகக்கூட விளக்கினார்.

வீட்டுக்காரி பானையை இறக்கி வைத்தார். அது கணவர் இல்லை, மகன் என்றார். போரில் கொண்டுபோனார்களாம், பிறகு செய்தியே இல்லை. இறந்துவிட்டான் என்று இதுவரை யாரும் வந்து சொல்லவில்லை. ஐந்தாவது தட்டு அவர்கள் நாட்டு வழக்கம். அன்றைக்கு எதிர்பாராமல் யாராவது கதவைத் தட்டினால் அவருக்காக ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒன்று வைப்பார்களாம். அதைச் சொல்லும்போது அவர் கதவைப் பார்த்தார்.

"ஐயோ, தாய் வழி பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு என்ன வேலை செய்துபோட்டன்!" அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்பாவின் கண்கள் உட்கூரைக்குப் போயின. அதற்கு மேலேதான் எங்கள் பெட்டிகள் இருந்தன.

வீட்டுக்காரி அந்தத் தட்டையே வெகுநேரம் பார்த்தார். பிறகு வெறும் நாற்காலியை இழுத்துவிட்டு என்னிடம் திரும்பி, "ப்ரோஷே" என்றார். அதுவரை நான் கேட்ட ப்ரோஷேக்களில் அதுதான் மிக மெதுவானது.

உட்காரச் சொல்கிறார் என்று நினைத்து ஏறி உட்கார்ந்தேன். அப்பாகூடத் தடுக்கவில்லை. ஐந்தையும் தின்றேன். கடைசித் துண்டு உள்ளே போகும்வரை அவர் நின்றபடியே இருந்தார்.

புதுவருடம் வந்து போனது. அறையைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஒன்பது வருடம் அங்கே இருந்தோம். ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று நான் தின்று முடித்ததும் என்னைப் பழைய இடத்துக்கு அனுப்பினார். தட்டை எடுத்துப்போய்க் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தார். அதன் பிறகுதான் எல்லோருக்கும் சூப் ஊற்றினார்.

நான் மட்டும் குடிக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டார், இன்னும் ஐந்து வரும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.