மச்சானின் நெஞ்செரிவு

சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மூன்று பெக்கட் வைத்திருப்பார் மச்சான், என் மூத்த சகோதரியான ராத்தாவின் கணவர். நெஞ்செரிவு வந்தால் ஒன்றைக் கிழித்துத் தண்ணீரில் கொட்டுவார். நுரைத்துப் பொங்குவதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு நீளமாக ஏப்பம் விடுவார். அந்தத் தூளைப் புத்தளம் டவுனிலிருந்து வாங்கி வந்து கொடுத்தவன் நான்தான்.

மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து தில்லையடியில் குடியேறியவர்கள் நாங்கள். மச்சானுக்கு உப்பளத்தில் வேலை. யுத்தம் முடிந்து, ஊருக்குத் திரும்புவதா இங்கேயே இருப்பதா என்று வீட்டில் கதை நடந்துகொண்டிருந்த காலத்தில், அவருக்குப் பிரஷர் என்று கிளினிக்கில் சொன்னார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். ராத்தாவுக்குக் குறைக்கத் தெரியாது, அடியோடு நிறுத்தினாள். கருவாடு போனது, ஊறுகாய் போனது. “நாள் முழுக்க உப்பு வாருறவனுக்கு வீட்ட உப்பில்லாத சோறு” என்று சிரித்தபடியே சாப்பிடுவார் மச்சான். மாத்திரையும் தவறாமல் போட்டார். ஆனாலும் பிரஷர் இறங்கவில்லை. கிளினிக்கில் ஏச்சு வாங்கியது ராத்தாதான். “அல்லாஹ்வே, நான் ஒரு கல்லு உப்பும் போடல்ல டொக்டர்” என்பாள். நெஞ்செரிவைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. வெறும் வயிற்றுக் காஸ்தானே, அதையெல்லாம் டொக்டரிடம் சொல்வார்களா என்று இருந்துவிட்டோம்.

அந்த ரமழானில் முதல் நோன்பு திறந்தபோது கஞ்சிக்குப் பிறகு நாலைந்து ரோல்ஸும் சாப்பிட்டார். நெஞ்சு எரிகிறது என்றார். நான்தான் தூளைக் கலக்கிக் கொடுத்தேன். மஃரிப் தொழ எழுந்தவர் அப்படியே வலப்பக்கமாகச் சரிந்தார். வாய் கோணியிருந்தது.

ஆஸ்பத்திரியில், அவர் பையிலிருந்த பெக்கட்டை இளம் டொக்டர் ஒருவர் திருப்பித் திருப்பிப் படித்தார். “இதுல நிறைய உப்புச் சத்து இருக்கு. இதத் தினமும் குடிச்சா பிரஷர் எப்பிடி இறங்கும்? யாரு வாங்கிக் குடுத்த?” நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ராத்தா வெளியே விறாந்தையில் இருந்தாள். மூன்றாம் நாள் மச்சான் மவுத்தானார். ஜனாஸாவைச் சுமந்தேன், மண் போட்டேன். அழுகை வரவில்லை. உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது, இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருந்த இத்தா முடிந்த பிறகு ஒருநாள் ராத்தா மெதுவாகச் சொன்னாள்: “முதல் நோன்புண்டு மனசு கேக்காம, அண்டைக்குக் கஞ்சியில கொஞ்சம் உப்புப் போட்டன்டா தம்பி. நான்தான் அவர மவுத்தாக்கின.”

இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஆண்டுகள் போய்விட்டன. வெள்ளிக்கிழமைகளில் எனக்கு அவள் வீட்டில்தான் சாப்பாடு. எனக்கென்று உப்புப் போட்டுத் தனியாகக் கறி ஆக்குகிறாள். தனக்கு இன்னும் உப்பில்லாத சட்டிதான்.

“கறி எப்பிடிடா?” என்று கேட்பாள்.

“நல்லாரிக்கி ராத்தா” என்பேன்.