காற்றுக்கு ஆடாத கவுன்

எங்கள் வீட்டில் சித்திக்கு ‘ஊசி’ என்று பெயர். தொழில் திரைச்சீலை தைப்பது. ஆளும் ஊசி மாதிரிதான் இருப்பாள். “காத்தடிச்சா இவளைக் கொடியில கிளிப் போட்டு வைக்கணும்” என்பாள் அவளுடைய அக்காவான என் அம்மா. “நீ ஏறினா கொடியே அறுந்துடும்க்கா” என்று வாயில் கடித்த குண்டூசிகளை எடுக்காமலே சித்தி பதில் சொல்வாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அந்த ஒல்லி உடம்பின்மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. நான் பிறந்தபோது அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓடிப்போய்க் கையை நீட்டிய சித்தியை எடை பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வராந்தாவில் காத்திருந்த ஒரு லாரி ஓட்டுநர் ரத்தம் கொடுத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். “கூடப் பிறந்தவ குத்துக்கல்லு மாதிரி நிக்கிறேன், யாரோ கொடுத்துட்டுப் போறாரு” என்று சித்தி சொல்லாத வருடமில்லை.

எனக்குப் பதினெட்டு நிறைந்த மாதம், கல்லூரியில் ரத்த தான முகாம் வைத்தார்கள். வெளியாட்களும் கொடுக்கலாம். ஆனால் நாற்பத்தைந்து கிலோவாவது இருக்க வேண்டும். சித்தி நாற்பத்து மூன்றரை.

“அதை நான் பாத்துக்கறேன். நீ பயந்து ஓடாம இரு, போதும்” என்றாள்.

முகாமன்று எடைக்கருவியின் முள் நாற்பத்தைந்தைத் தாண்டி நின்றது. நான் வாயைப் பிளந்தேன். சித்தி என் பக்கமே திரும்பவில்லை. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே ஆளுயர மின்விசிறி. படிவங்கள் படபடத்தன, என் துப்பட்டா முகத்தில் அடித்தது. பெயர் கூப்பிட வந்த நர்ஸ் சித்தியின் காலடியைப் பார்த்து நின்றுவிட்டார்.

“அக்கா, இவ்வளவு காத்துல உங்க கவுன் மட்டும் ஏன் அசையவே மாட்டேங்குது?”

“கனத்த துணி சிஸ்டர்.”

நர்ஸ் குனிந்து விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே ஈய வில்லைகள். திரைச்சீலை நேராகத் தொங்குவதற்காகக் கீழ்மடிப்பில் வைத்துத் தைப்பார்களே, அவைதான். மொத்தம் அறுபது. ஒரே இடைவெளியில், தையல் வெளியே தெரியாமல். வேறு யாராக இருந்தாலும் இடுப்பில் கட்டி மறைத்திருப்பார்கள். கனத்தைக் கீழ்மடிப்பில் வைத்தே சித்தியின் கைக்குப் பழக்கம்.

நர்ஸ் சிரிக்கவில்லை. “ஈயத்துலேருந்து ரத்தம் எடுக்க முடியாதுக்கா. உங்க உடம்பு தாங்காது. எடை ஏறட்டும், வாங்க.”

சித்தி தலையாட்டினாள். கட்டிலில் படுத்த என் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். காலை அசைக்கும்போதெல்லாம் தரையில் ‘டக் டக்’ என்றது.

“ஊசியைப் பாக்காதே, என்னைப் பாரு. நீ யாரு வீட்டுப் பொண்ணு?”

என்னைப் பார் என்றவள், ரத்தப் பை நிறையும்வரை அதன்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு எட்டு வருடம் நான் எங்கும் காலூன்றாமல் சுற்றினேன். எந்த நாட்டிலிருந்து பேசினாலும் சித்தியின் கேள்வி ஒன்றுதான்: “சாப்பிட்டியா?” பதிலுக்குக் காத்திராமல், “நான் நாற்பத்து நாலு” என்பாள். ஒரு வருடம் மறுபடி நாற்பத்து மூன்று. அந்த முறை போனைச் சீக்கிரம் வைத்துவிட்டாள்.

போன மாதம் திரும்பி வந்தேன். தையல் மேசையில் வழக்கம்போலத் துணி மலை. அதற்குப் பின்னால் சித்தியின் தலை.

“நாற்பத்தாறுடி! ஆறு மாசமாச்சு.”

“அப்போ கொடுத்துட்டியா?”

அவள் நூலைக் கடித்து அறுத்தாள். “யாரு கையைப் பிடிச்சுக்கிறது? உங்கம்மா வந்தா ஊருக்கே கேக்கிற மாதிரி சிரிப்பா.”

“சித்தி, உனக்கு ஊசின்னா பயமா?”

“துணியில குத்தினா பயமில்ல.”

மறுநாளே மருத்துவமனைக்குப் போனோம். எடை சரியாக இருந்தது. மற்ற சோதனைகளிலும் குறையில்லை. கூப்பிடுவதற்குள் சித்தி என்னை இழுத்துக்கொண்டு போய் மின்விசிறி முன்னால் நின்றாள். கவுன் குடைபோல விரிந்து பறந்தது. “பாத்துக்கோ, பின்னாடி ஏதாவது சொல்லாதே” என்றாள்.

ஊசி இறங்கியபோது அவள் பிடியில் என் விரல்கள் நொறுங்கின. “என்னைப் பாரு சித்தி” என்றேன். பார்த்தாள்.

முடிந்ததும் பையைக் காட்டி, “இது யாருக்குப் போகும் சிஸ்டர்?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் தெரியாதும்மா.”

“தெரிய வேணாம்” என்றாள் சித்தி.