தூசி படக் கூடாத மெஷின்

இன்று சேலை கொடுக்க வந்த இளம்பிள்ளை ஊர்த் தறிக்காரர், எங்கள் கூடத்தில் இருந்த பழைய வாக்யூம் கிளீனரைப் பார்த்துத் திகைத்தார்.

"ஏனுங்க, இது நாங்க பழைய இரும்புக்குப் போட்டதுங்களே!"

"அதேதானுங்க. அந்த இரும்புக் கடையில இருந்து வாங்கிட்டு வந்துட்டேன்."

துருவை எடுத்து, உடம்பைப் பளபளப்பாக்கி, கிழிந்த பைக்குப் பதில் புதுத் துணிப்பை தைத்திருந்தேன். சுவிட்சைப் போட்டதும் சீராக உறுமியது. மனிதர் குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"தறிக்கூடத்துல பஞ்சுத் தூசி அடிக்க ஒரு நாளைக்குக் குடுங்க சாமி."

"தூசியா? இதுலயா? மூணு வாரம் தொடச்சிருக்கேனுங்க!"

அவர் அலமாரியில் நான் சேர்த்து வைத்திருந்த மற்ற பதினோரு கிளீனர்களையும் பார்த்தார்.

"அப்ப ஊட்டுத் தரைய எதுலீங்க கூட்டறீங்க?"

கதவோரம் இருந்த விளக்குமாற்றைப் பெருமையாகவே காட்டினேன்.

நீங்களே சொல்லுங்கள், இதில் அவர் அப்படிச் சிரிக்க என்ன இருக்கிறது?