புரொபஷனலின் முதுகு

வீடு பார்க்க வந்தவர்கள் படுக்கையறைக்குள் நுழைவதற்கு முன்பே அவர் முந்திக்கொண்டு போய், ஜன்னலோரச் சுவரில் சாய்ந்து நின்றுவிடுகிறார். "காத்து எப்படி வருது பாருங்க சார்" என்கிறார். முதுகுக்குப் பின்னால் தாம்பாளம் அளவுக்கு ஈரக்கறை. வந்தவர்கள் காற்றை மெச்சிவிட்டு முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எனக்கும் வீடு பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். முதல் மழைக்குப் பிறகுதான் அந்த முதுகின் அகலம் எனக்குப் புரிந்தது.

தரகர் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். "கன்சல்டன்ட்னு சொல்லுங்க." அவர் வேலை பார்க்கும் வீட்டுத் தரகு அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் புரொபஷனல். அவரே வாய்க்கு வாய் சொல்லிக்கொள்ளும் வார்த்தைதான். "ஆபீஸ்ல ஆயிரம் அரசியல் இருக்கும் சார். நான் யாரைப் பத்தியும் ஒரு வார்த்தை தப்பா பேச மாட்டேன். நான் புரொபஷனல்."

உண்மைதான், தப்பாகப் பேச மாட்டார். புகழ்ந்தே ஆளைக் கவிழ்ப்பார். அங்கே அவருக்கு அடுத்தபடியாக வீடுகளை விற்பவர் ஓர் அம்மாள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பெரிய பங்களா ஏதாவது விற்பனைக்கு வந்தால் போதும், புரொபஷனல் முதலாளியின் அறையில் போய் உருகுவார். "தங்கமானவங்க சார். ஆனா ரெண்டு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு வெயில்ல அலையுறதப் பாத்தா எனக்கே மனசு கேக்கல." பங்களா இவர் கைக்கு வந்துவிடும். வெளியே வந்து அந்த அம்மாளிடம், "உங்களப் பத்தி உசத்தியா சொல்லிட்டு வர்றேம்மா" என்பார். அதிலும் பொய் இல்லை.

காலி வீடுகளின் சாவிகள் அங்கே ஒரு பலகையில் தொங்கும். அந்த அம்மாள் யாரையாவது வரச்சொல்லியிருக்கும் நாளில், அந்த வீட்டுச் சாவி மட்டும் புரொபஷனலின் பையோடு ஊர் சுற்றப் போய்விடும். "மறந்துட்டேம்மா" என்று தலையில் அடித்துக்கொள்வார். பூட்டிய கதவின் முன்னால் வாடிக்கையாளரோடு அந்த அம்மாள் அசடு வழிய நின்றதை ஒருநாள் நானே பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ சிரித்தார். "அவரு எங்க சாஞ்சு நிக்கிறாருன்னு பாருங்க சார். அங்கதான் விரிசல் இருக்கும்."

போன மாதம் மேலாளர் வேலையை விட்டுப் போனார். அந்த நாற்காலிக்காகப் புரொபஷனல் பல வருஷமாகத் தவம் கிடந்தவர். முதலாளியின் காதில் தங்கப் புராணம் காலையும் மாலையும் ஓதப்பட்டது.

ஒழுகும் கூரையைப் பற்றிச் சண்டை போட நான் போன அன்று, அவர் மேலாளர் அறையில் இருந்தார். கையோடு செய்துகொண்டு வந்திருந்த பெயர்ப்பலகையை மேசையில் வைத்து, தள்ளி நின்று அழகு பார்த்தார். அவர் பெயர், கீழே 'மேலாளர்'. "இன்னும் சொல்லல சார். ஆனா வேற யாரு இருக்கா?" என்றார்.

அப்போது முதலாளி உள்ளே வந்தார், பின்னாலேயே அந்த அம்மாள்.

"நீங்க சொன்னதத்தான் யோசிச்சுப் பாத்தேன்" என்றார் முதலாளி. "தங்கமானவங்க, வெயில்ல அலைய விடக்கூடாதுன்னு தினமும் சொன்னீங்களே. அதான், இனிமே அவங்க இங்க உக்காரட்டும். அலையுறதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

புரொபஷனலின் முகத்தில் ஈ ஆடவில்லை. ஒரு நொடிதான். அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல முடிவு சார். இந்த ரூம்ல காத்து நல்லா வரும் மேடம்" என்றபடி, மேசையில் பெயர்ப்பலகை இருந்த பக்கமாகப் போய்ச் சாய்ந்து நின்றார். நேற்று வரை அவர் வெறும் 'அம்மா'.

அந்த அம்மாள் அவர் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கொஞ்சம் நகருங்க சார்."

புரொபஷனல் கைகளைக் கட்டிக்கொண்டு, மேசையில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.