சிவப்பு சிமெண்டில் மூன்று கீறல்கள்

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறுவருடம், நின்றுபோன படிப்பை நானாகவே மீண்டும் தொடங்கினேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. காஜா பெராங் பகுதியில் இருந்த அண்ணனின் சர்பத் கடையில் அண்ணிக்குக் கூடமாட வேலை செய்துவிட்டு, கூட்டம் ஓய்ந்ததும் மூலை மேசையில் புத்தகத்தை விரிப்பேன். ஆண்டு முடிவில் சீனியர் சோதனை, அதாவது பள்ளி இறுதித் தேர்வு.

"ஒரு தடவதான். பாஸாகலன்னா மாப்பிள்ள பாத்துருவேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

புவியியலில் கடற்கரைப் பாடம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. வரி வரியாக மனப்பாடம் செய்தேன். எதுவும் மனதில் நிற்கவில்லை.

"கடற்கரைதானே? சைக்கிள எடு, போய்ப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார் அண்ணி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிளேபாங் கடற்கரைக்கு மிதித்தோம். ஒரு பக்கம் அலை தென்னையின் வேரை அரித்து, அந்த மண்ணைச் சற்றுத் தள்ளித் திட்டாகக் கொட்டியிருந்தது. காற்று கொண்டுவந்த மணல் அடம்பங்கொடியில் சிக்கி மேடாகியிருந்தது. ஆற்று முகத்தில் பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்களின் வேர்களுக்கிடையே சேறு தங்கி, கடலாக இருந்த இடம் மெல்லத் தரையாகிக்கொண்டிருந்தது. அண்ணி முழங்கால்வரை சேற்றில் இறங்கி, "இங்க வந்து பாரு, வேரு எப்படிப் புடிச்சு வச்சிருக்கு!" என்று கத்தினார். தண்ணீரும் காற்றும் மரமும் செய்கிற வேலை அன்றே புரிந்துவிட்டது.

மிச்சம் இருந்தது பனி. குளிர்நாடுகளில் அது மலையிலிருந்து ஆறுபோல நகர்ந்து பாறையைத் தோண்டும், அந்தப் பள்ளத்தில் பிறகு கடல் புகும் என்றது புத்தகம். நாங்கள் கண்ட ஐஸெல்லாம் மரத்தூள் அப்பி லாரியில் வருவதுதான்.

"கையில வச்சா கரையறது கல்லத் தோண்டுமா? கத விடுறானுங்க லா" என்றார் அண்ணி. எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஒரு நாள் காலையில் ஐஸ்காரர் அவசரத்தில் கட்டியை வாசல் மணலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். அண்ணியும் நானும் கயிறு கட்டி உள்ளே இழுத்தோம்.

"ஐயோ, புது சிமெண்டு!" என்று அண்ணன் அலறினார். அவர் மெழுகித் தேய்த்து மின்ன வைத்திருந்த சிவப்புத் தரையில், வாசலிலிருந்து ஐஸ் பெட்டிவரை நேராக மூன்று கீறல்கள்.

நான் கட்டியைப் புரட்டினேன். அடியில் மணலும் பொடிக்கற்களும் பல்போலப் புதைந்திருந்தன.

"அண்ணே, கீறுனது ஐஸ் இல்ல! ஐஸ் புடிச்சிக்கிட்டு வந்த கல்லு! இதே கட்டி மலையளவு இருந்தா?"

அண்ணன் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மலையளவுன்னா என் கடையே இருந்திருக்காது" என்றார். அண்ணி சிரித்த சிரிப்பில் அவருக்கும் கோபம் போய்விட்டது.

சோதனையில் அந்தக் கேள்வியே வந்தது. பனி கல்லைப் பற்றுவது, பாறையை அறுப்பது, கடல் உள்ளே வருவது என்று எழுத எழுத எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. கூடுதல் தாள் கேட்டு வாங்கினேன்.

முடிவு வந்த அன்று அறிவிப்புப் பலகையில் என் எண் இருந்தது. புவியியலில் டிஸ்டிங்ஷன். அண்ணி என்னை அப்படியே கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். வீடு திரும்பும் வழியெல்லாம், எதிரே வந்த சீனக் கடைக்காரர், பஸ்ஸுக்கு நின்ற மலாய் அம்மாள் என்று எவரையும் விடாமல் மலாயிலும் தமிழிலுமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஆடிக் சாயா லுலுஸ்! என் நாத்தனா பாஸ் பண்ணிட்டா!"

மற்ற நாளாக இருந்தால் வெட்கத்தில் சந்துக்குள் ஒதுங்கியிருப்பேன். அன்று நடுத்தெருவில், தலையை நன்றாக நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.