எங்கள் அக்காவும் என் நூற்றுக்கு நூறும்

அக்காவைப் பற்றி எழுதுமுன் என் மடத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். ஆறாம் வகுப்பிலேயே நுழைவுத் தேர்வு வைத்து, சொல்லிக்கொடுக்காமலே படித்துவிடும் பிள்ளைகளாகப் பார்த்து எடுப்போம். அவர்கள் பத்தாம் வகுப்பில் தேறியதும், எல்லாம் என் கைராசி என்று நம்பினேன். பள்ளி வாசல் பேனரில் "நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்ற வரியின் கீழே, கண்ணை மூடிக்கொண்டு நிற்பவன் நான்தான்.

அக்கா களக்காட்டில் பிறந்தவர்கள். அப்பா காலமானபோது அக்காவுக்குப் பதினெட்டு வயது, எனக்குப் பத்து. ஆசிரியப் பயிற்சி முடித்து அரசுப் பள்ளியில் சேர்ந்து என்னைப் படிக்கவைத்தார்கள். தமக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தலைமையாசிரியராக ஓய்வு பெறும்வரை, வாசலுக்கு வந்த பிள்ளை ஒன்றையும் திருப்பி அனுப்பியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் களக்காட்டுக்குச் சாப்பிடப் போனால் சோற்றோடு சண்டையும் உண்டு.

"பரீட்சை வச்சிப் பொறுக்கி எடுத்துட்டு, பெறவு நீ என்னத்தலே சொல்லிக்குடுக்கெ?"

"படிக்க புள்ளையப் படிக்காததோட இருத்துனா ரெண்டும் கெட்டுப்போகும்க்கா."

"ஏழாம் வாய்ப்பாடு வராம முழிச்ச ஒன்னைய எங்கூட இருத்தித்தானலே படிச்சேன். நான் கெட்டா போனேன்?"

எனக்கு இன்றும் ஏழெட்டில் ஒரு தயக்கம் உண்டு.

எங்கள் பள்ளியில் இன்னொரு வழக்கமும் இருந்தது. பத்தாம் வகுப்பில் தேறமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளின் பெற்றோரை ஒன்பதாம் வகுப்பு முடிவில் அழைத்து, "சொந்த விருப்பத்தின் பேரில்" என்று கையெழுத்து வாங்கி, மாற்றுச் சான்றிதழைக் கொடுத்துவிடுவோம். பட்டியல் போடுவது என் வேலை. ஒரு வருடம் அதில் அக்காவின் எதிர்வீட்டுப் பெண் இருந்தாள். அந்தத் தெருவிலிருந்து எங்கள் நுழைவுத் தேர்வில் தேறிய முதல் பிள்ளை அவள். அந்த வருடம் தகப்பனாரை இழந்து, கணக்கில் பின்தங்கிவிட்டாள்.

அக்கா பஸ் பிடித்து என் வீட்டுக்கே வந்தார்கள். "ஒரு வருசம் வச்சிருலே. கணக்கை நான் பாத்துக்கிடுதேன்."

"ஒண்ணு போனாலும் நூத்துக்கு நூறு போயிரும்க்கா."

"போனா என்னலே? நீ செத்தா போவ?"

நான் சிரித்தேன். அக்கா தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்கள்.

அந்த ஜூன் மாதம் முழுக்கக் காலையில் அவள் வீட்டு வாசலில் நின்று, "எம் பள்ளிக்கூடத்துக்கு வா தாயி" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பாளையங்கோட்டைப் பள்ளிச் சீருடையோடு போனவளுக்குத் தெருவில் இறங்கவே வெட்கம். அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றத் தொடங்கியவள், பிறகு புத்தகத்தைத் தொடவில்லை. அந்த வருடமும் எங்கள் பள்ளி நூற்றுக்கு நூறு.

அக்கா கடைசி எட்டு மாதம் படுக்கையில் இருந்தார்கள். குளிப்பாட்டியது, புரட்டிப் படுக்கவைத்தது, கஞ்சி ஊட்டியது எல்லாம் அந்தப் பெண்தான். ஞாயிற்றுக்கிழமை நான் முன்வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் பின்வாசல் வழியாகப் போய்விடுவாள்.

"அவகிட்ட ஒரு வார்த்தை பேசுனியாலே?" என்று அக்கா கேட்பார்கள்.

"பைய பேசுதேன்க்கா."

நான் பேசுவதற்குள் அக்கா போய்விட்டார்கள்.

வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும், தோள்கொடுத்த தெருக்காரர்களுக்கும், மழையில் நனைந்துகொண்டு வந்து நின்ற பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இவர்கள் எல்லோருக்கும் முன்னால் நன்றி சொல்லவேண்டியது அவளுக்கு. அவள் பெயரை முதலில் எழுதி, இந்த நினைவுக் குறிப்பை அச்சுக்குக் கொடுக்குமுன் எதிர்வீட்டுக்குப் போனேன். மடியில் பீடித் தட்டோடு இருந்தவளிடம் முழுவதையும் வாசித்துக் காட்டி, "நான் செய்தது தப்பும்மா" என்றேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எம்பேர எடுத்துருங்க, சார்."