வெஹ்பி ஹோஜா மூக்கைப் பிடித்தார்

துருக்கியின் கெம்லிக் ஊரில் எங்கள் தெருப் பள்ளிவாசலுக்கு வெஹ்பிதான் இமாம். ஐந்து வேளையும் முன்னால் நின்று தொழ வைப்பவர். ஊருக்கு அவர் ஹோஜா, எனக்கு மச்சான். என் அக்கா நெஸாஹத்தைக் கட்டியவர். பள்ளிவாசலுக்கு எதிரே முடிவெட்டும் கடை வைத்திருக்கும் லுட்ஃபு நான்தான். ஹோஜாவின் தாடியைச் சரிசெய்வதும் அவரோடு சண்டை போடுவதும் என் பொறுப்பு.

இந்த மனிதருக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. தர்ப்பூசணி வாங்கப் போனால் விதை எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பார். கடைக்காரன் கடுப்பாகிப் பழத்தைக் கையில் திணித்து அனுப்புவான். என் கடைக்கு வந்த புது மெஷினைப் பார்த்ததும் பிரித்துவிட்டார். மாட்டி முடித்தபோது ஒரு திருகு மிச்சம் இருந்தது. அந்தத் திருகு இன்னமும் கண்ணாடிக்குக் கீழே டப்பாவில் கிடக்கிறது, மெஷினும் ஓடுகிறது. அதற்கு என்ன காரணம் என்று வாரம் ஒருமுறை வந்து யோசிப்பார்.

அப்படிப்பட்டவருக்கு மூத்திரத்தில் ரத்தம் வந்தது. உடனே டாக்டரிடம் போக வேண்டாமா? பீட்ரூட் தின்றதால் இருக்கும் என்று பீட்ரூட்டை நிறுத்திப் பார்த்தார். அப்புறம் மறுபடி தின்று பார்த்தார். அக்கா கண்டுபிடித்துக் கத்திய கத்தலில்தான் பூர்சா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிறுநீர்ப்பையில் புற்றுநோய். பையின் சுவருக்குள் இறங்கிவிட்டது, பையையே எடுத்தாக வேண்டும் என்றார்கள்.

டாக்டர் பெயர் தூலின். ஒல்லியான பெண். பேச்சில் சர்க்கரையும் கிடையாது, உப்பும் கிடையாது. ரோபோ கைகளை உள்ளே விட்டு ஆபரேஷன் செய்பவர்.

"அந்த ரோபோ தானா வெட்டுமா, நீங்க சொல்லச் சொல்ல வெட்டுமா?" என்றார் மச்சான். புற்றுநோய் என்று கேட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

"என் கை அசையறபடி அசையும். நான் கையை எடுத்தா அதுவும் நிக்கும்."

"அப்போ அது ரோபோ இல்லையே, நீளமான கைதானே?"

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு ஒரு தாளை எடுத்து வயிறு மாதிரி ஒன்றை வரைந்தார். பையை எடுத்துவிட்டாலும் சிறுநீரகங்கள் வேலையை நிறுத்தாது. வருவது எங்கே போவது? அதற்கு மூன்று வழி என்றார்.

முதலாவது, சிறுகுடலில் ஒரு சின்னத் துண்டை வெட்டி வாய்க்கால் மாதிரி வைத்து, தொப்புளுக்கு வலப்பக்கம் தோலில் ஒரு வாய் திறப்பது. அதன்மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆபரேஷன் நேரம் குறைவு, பிற்பாடு தொந்தரவும் குறைவு. இரண்டாவது, இன்னும் நீளமான குடலை எடுத்துப் பந்து மாதிரி தைத்து, பழைய பை இருந்த இடத்திலேயே வைத்துப் பழைய வழியிலேயே இணைப்பது. வெளியே எதுவும் தெரியாது. ஆனால் மறுபடி குழந்தை மாதிரி கற்றுக்கொள்ள வேண்டும். மூன்றாவது, உள்ளேயே ஒரு பை வைத்து அதன் வாயைத் தொப்புளில் கொண்டுவந்து வைப்பது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயை விட்டு வடிக்க வேண்டும்.

"தொப்புள்லயா?" மச்சான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "தொப்புள் வழியாவா?"

"அது நான் அதிகம் செய்யறதில்ல. பழுதானா திரும்பத் திறக்க வேண்டியிருக்கும்."

தாளைத் தன் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்த மச்சான், கடைசியில் ஒன்று கேட்டார். "இதுல எதுல ஒளு நிக்கும்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் விளக்க வேண்டியதாயிற்று. தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி எடுப்பது ஒளு. ஒரு சொட்டு மூத்திரம் வந்தாலும் அது முறிந்துவிடும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அவன் சலுகைக்காரன். ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக ஒளு எடுத்துக்கொண்டு தொழலாம், குற்றமில்லை. ஆனால் எங்கள் சட்டப்படி அவன் மற்றவர்களுக்கு முன்னால் நின்று தொழ வைக்கக் கூடாது. பின்னால் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

"அப்படின்னா வெளிப்பையில சொட்டிக்கிட்டேதான் இருக்கும்," என்றார் டாக்டர். "உள்பைல பிடிச்சு வைக்கலாம். ஆனா ஆரம்பத்துல ஒழுகும். பலருக்குப் பகல்ல சரியாயிடும், தூக்கத்துல லேட்டாகும். சிலருக்குச் சரியாகாமலும் போகும். எழுதிக் கொடுக்க மாட்டேன்."

அன்று முதல் எங்கள் வீட்டில் உயிரைப் பற்றிய பேச்சே இல்லை. முன்வரிசையா, பின்வரிசையா? அதுதான் பேச்சு.

அக்கா ஒரே பிடியாக நின்றாள். "வெளிப்பையே வெச்சுக்கோங்க. அந்த மேஜைமேல கிடக்கிற நேரமாவது குறையும். பின்வரிசையில நின்னா அல்லாஹ்வுக்குக் கேட்காதா?"

"அவனுக்குக் கேட்கும் நெஸாஹத். எனக்குத்தான் என்னவோ போல இருக்கும்."

"அதான் பெருமைங்கறது," என்றேன் நான். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"லுட்ஃபு, நாளையிலேர்ந்து நீ கத்தரியைத் தொடாதே, அந்த நாற்காலியில மட்டும் உட்காருன்னு சொன்னா உட்காருவியா?"

எனக்கு அழுகை வந்தது. கோபம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

முடிவெடுப்பதற்கு முன் ஆபரேஷன் ஆனவர்களை நேரில் பார்க்க வேண்டும் என்றார் மச்சான். தர்ப்பூசணிக்கே அவ்வளவு விசாரித்தவர் இதை விடுவாரா? டாக்டரிடம் கேட்டு இரண்டு பேரைப் பிடித்தார்.

முதல் ஆள் முஸாஃபர். மினி பஸ் ஓட்டுபவன். வெளிப்பைக்காரன். கடற்கரை டீத்தோட்டத்தில் சந்தித்தோம். நாங்கள் உட்காருவதற்குள் மூன்றாவது கிளாஸ் டீக்குச் சொல்லிவிட்டான்.

"ஹோஜா, இதைவிட வசதி ஒண்ணும் கிடையாது. பாலத்துல வண்டி நிக்குது, நகர மாட்டேங்குது. பின்னால இருக்கிறவன் எல்லாம் காலைக் குறுக்கிக்கிட்டு நெளியறான். நான் டீ குடிச்சிட்டே இருக்கேன். ராத்திரி பெரிய பையை மாட்டினா விடிய விடியத் தூக்கம்."

"ஒட்டினது கழண்டு போகாதா?"

"ஆரம்பத்துல ஒருதரம் போச்சு. என் மாமியார் வீட்டு சோபாவுல." தோளைக் குலுக்கினான். "அவங்க இப்போ கூப்பிடறதில்ல. அதுவும் லாபம்தான்."

"பார்க்கலாமா?"

அந்தக் கிறுக்கனும் அங்கேயே சட்டையைத் தூக்கிவிட்டான். மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பக்கத்து மேஜைப் பெண்மணி எழுந்து போய்விட்டாள். நான் கடலைப் பார்த்தேன். "ரோஜா மொட்டு மாதிரி இருக்கு," என்று மச்சான் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார். "தொட்டா வலிக்குமா?"

"வலிக்காது. குடலுக்கு அந்தப் புத்தி கிடையாது."

இரண்டாவது ஆள் ஹைரி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். உள்பைக்காரர். வீட்டுக்கே கூப்பிட்டு ஆலிவும் பாலாடைக்கட்டியும் வைத்தார். பார்த்தால் ஆபரேஷன் ஆனவர் என்று சொல்லவே முடியாது. கோடையில் கடலில் நீந்துகிறாராம், ஒருவனுக்கும் தெரியாதாம்.

"ஆனா நிரம்பினது எனக்குத் தெரியாது ஹோஜா. பழைய பை சொல்லும், இது சொல்லாது. கடிகாரத்தைப் பார்த்துத்தான் போறேன். உட்கார்ந்து வயித்தை முக்கித்தான் வெளியேத்தணும். முட்டை வெள்ளைக்கரு மாதிரி கோழையும் வரும். அது குடல் இல்லையா, இன்னும் சாப்பாடு வரும்னு காத்துக்கிட்டிருக்கு."

இதைக் கேட்டு மச்சானுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாவம், அதுக்கு யாரும் சொல்லல!"

உள்ளிருந்து ஹைரியின் மனைவி குரல் கொடுத்தாள். "ராத்திரி அலாரத்தைப் பத்தியும் சொல்லுங்க! அவர் எழுந்திரிக்கறாரோ இல்லையோ, நான் எழுந்திரிக்கறேன்!"

திரும்பி வந்தபோது மச்சான் கடை வாசலில் நின்று, "முஸாஃபர்தான் சந்தோஷமா இருக்கான்," என்றார். "ஆனா நான் பஸ் ஓட்டறவன் இல்லையே லுட்ஃபு."

அப்படியாக உள்பை என்று முடிவானது. சிறுநீரகம் நன்றாக இருந்ததால் டாக்டரும் ஒத்துக்கொண்டார். குடலை வெளியே எடுக்காமல் வயிற்றுக்குள்ளேயே வைத்துத் தைப்பதாகச் சொன்னார். ஆனால் ஒன்று. வெட்டின ஓரத்தில் நோய் தெரிந்தால் உள்பைக்கு வழியில்லை, வெளிப்பைதான். எதற்கும் இருக்கட்டும் என்று வயிற்றின் வலப்பக்கம் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். மச்சான் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு உள்ளே போனார். அக்கா ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து, என் சட்டைப் பொத்தான் ஒன்றைத் திருகித் திருகிப் பிய்த்தேவிட்டாள்.

மயக்கம் தெளிந்ததும் அவர் கை முதலில் அந்த வட்டத்தைத் தேடித்தான் போனது. அங்கே குழாய்கள் கிடந்தன.

"பையா?" என்றார்.

"இல்ல மச்சான். குழாய். பிறகு எடுத்துடுவாங்க. உள்பைதான் வெச்சிருக்கு."

கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது. நான் துடைத்துவிட்டேன்.

அதன்பிறகு நடந்ததையெல்லாம் அவர் ரசித்தார் என்றே சொல்ல வேண்டும். கோழையைக் கழுவி எடுப்பதை ஆராய்ச்சியாகச் செய்தார். குழாயை எடுத்ததும் ஒழுகியது. துணி வைத்துக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார். இமாம்களை நியமிக்கும் முஃப்தி அலுவலகம் அனுப்பிய ஆள் முன்னால் நின்று ரயிலைப் பிடிக்கப் போவதுபோல் தொழ வைத்தான். மச்சான் என் கடை நாற்காலியில் உட்கார்ந்து மூத்திரத்தை அடக்கப் பழக, இடுப்பை இறுக்கி இறுக்கி விடும் பயிற்சி செய்வார். முகத்தில் ஒன்றும் தெரியாது. தாடி வழிக்க வந்தவர்கள் அவர் ஏதோ ஓதுகிறார் என்று மரியாதையாகக் காத்திருப்பார்கள்.

ஆலிவ் பறிக்கும் காலம் வந்தபோது பகலில் ஒழுகுவது நின்றுவிட்டது. தன் இடத்துக்குத் திரும்பினார். அன்று மாலைத் தொழுகைக்கு ஊரே வந்திருந்தது. வெள்ளிக்கிழமைகூட எட்டிப் பார்க்காத முஸாஃபர்கூட ஒளு எடுத்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்துவிட்டான். நான் மச்சானுக்கு நேர் பின்னால் நின்றேன். குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது, ஆனால் அவர் குரல்தான்.

இரண்டாவது முறை நெற்றியைத் தரையில் வைத்து எழுந்தபோது அவர் அசையாமல் நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது. வயிறு அழுந்தி ஒழுகியிருக்கிறது. கறுப்பு அங்கி, ஒன்றும் தெரியாது. அவர் தொடர்ந்திருந்தால் எவனுக்கும் தெரிந்திருக்காது.

அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

இமாமுக்கு நடுவில் ஒளு முறிந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும். மூக்கைப் பிடித்தபடி குனிந்து பின்வாங்கி, பின்னால் நிற்பவனை இழுத்துத் தன் இடத்தில் விட்டுப் போக வேண்டும். ஏதோ மூக்கில் ரத்தம் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். ஆயுளில் முதல்முறையாக முன்னால் நின்றேன். குர்ஆனில் எனக்குத் தெரிந்ததிலேயே சின்ன அத்தியாயத்தை ஓதி முடித்தேன்.

முடித்துத் திரும்பினால், முஸாஃபர் வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தான். "யாராவது பஞ்சு கொண்டாங்கப்பா! ஹோஜா, தலையை அண்ணாத்தாதீங்க, குனிங்க, குனிங்க!" அவனுக்கு அந்த வழக்கம் தெரியாது. தெரிந்தவர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ரெம்ஸி தன் டீக்கடையிலிருந்து ஐஸ்கட்டி கொண்டுவந்தான்.

மச்சான் வீட்டில் துணி மாற்றிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். "முஃப்திக்குச் சொல்லிடறேன். இனிமே பின்வரிசைதான். டாக்டர் அப்பவே சொன்னாங்க, எழுதிக் கொடுக்க மாட்டேன்னு." அப்படி உடைந்த குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். வெளிப்பையே போதும் என்று அத்தனை நாள் சண்டை போட்டவள்.

"கோடை வகுப்புல பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் சொல்லிக் கொடுக்கறீங்களே, ஒளு போனா மூக்கைப் பிடின்னு. எதுக்கு மூக்கைப் பிடிக்கணும்?"

"வெட்கப்படாம வெளியே போறதுக்கு."

"யார் வெட்கப்படாம? வாசல்ல செருப்பு பார்த்துக்கிறவனா? இமாம்! உங்களுக்கு முன்னால ஒருத்தன் அங்கே நின்னு நனைச்சிருக்கான். ஒருத்தனா? எத்தனையோ பேர். இல்லேன்னா இந்த ஏற்பாடே எதுக்கு? ஒருதடவை நனைச்சவன் பின்னால போயிடணும்னா, போன்னு சொல்லியிருப்பாங்க. மூக்கைப் பிடின்னு எதுக்குச் சொல்றாங்க? தர்ப்பூசணி விதைக்குக் கேள்வி கேட்கத் தெரியுது, இதைக் கேட்கத் தெரியலையா?"

மச்சான் மெதுவாகத் திரும்பினார். முகம் இன்னும் சிவந்திருந்தது. ஆனால் கண்ணில் அந்தப் பழைய வெளிச்சம் வந்துவிட்டிருந்தது.

"அதானே," என்றார். "எத்தனை பேர் இருந்திருப்பாங்க நெஸாஹத்?" பிறகு என்னைப் பார்த்தார். "எல்லாருக்குமே மூக்குல ரத்தம்னு ஊரே நம்பியிருக்குமா?"

"ஊரு நம்பாது மச்சான்," என்றேன். "முஸாஃபரைத் தவிர."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தால் ஒழுகும் என்று அக்கா கத்தினாள். மறுபடியும் துணி மாற்ற வேண்டியதாயிற்று.

மறுநாள் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஒரு நீளமான அத்தியாயத்தைக் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்தேன். மாலையில் மச்சான் முன்னால் போய் நின்றார். வரிசை நேராக இருக்கிறதா என்று எப்போதும்போலத் திரும்பிப் பார்த்தார். "மூக்கு பரவாயில்லையா ஹோஜா?" என்று யாரோ கேட்டார்கள். "இப்போதைக்குப் பரவாயில்ல," என்றார். என் பக்கத்தில் நின்ற முஸாஃபரின் சட்டைப் பையில் பஞ்சு துருத்திக்கொண்டிருந்தது. மச்சான் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அவர் கைக்கு எட்டும்படி நான் அரை அடி முன்னால் நகர்ந்து நின்றேன்.